கடலில் ஒருவர், கரையில் பலர்

வீட்டிலே அறுபத்தைந்து வயதை எட்டிக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடும் நோயிற் கிடந்து எழுந்தவர். கண்ணுக்கு மூக்குக்கண்ணாடி, நடையிலே சிறிது தளர்ச்சி. ஒரு நாட்காலை அவர், “நான் தன்னந்தனியாக ஒரு பாய்ப்படகில் ஏறி உலகத்தைச் சுற்றிவரப் போகிறேன்” என்று சொன்னால், உற்றாரும் நண்பரும் யாது செய்வர்? மனைவி கண்கலங்குவாள். மக்கள் வைத்தியரை அழைப்பர். நண்பர்கள், “இந்த வயதில் உமக்கேன் இந்த வேலை? பேசாமல் வீட்டில் இரும்” என்று புத்தி சொல்வர். அன்பின் காரணமாகவே அவ்வாறு சொல்வர். அதிற் குறை காண்பதற்கில்லை.

ஆயினும் அன்பு இன்னொரு வகையிலும் நடந்துகொள்ளலாம். போகிறவரைத் தடுத்து நிறுத்துவதைவிட, அவர் ஏறிச் செல்லும் படகு பழுதில்லாததா என்று பார்த்துக்கொடுப்பதே மேலான உதவியென்று கருதிய மனிதர்களும் உண்டு. 1966ஆம், 1967ஆம் ஆண்டுகளிலே உலகத்தின் இரு கோடிகளிலும் இருந்த இரண்டு படகுக் கழகங்கள் அவ்விதமே நடந்துகொண்டன. அவர்களுடைய உதவியைப் பெற்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் சிச்செஸ்டர். அவருடைய வீரத்தைப் பலரும் பாடியுள்ளனர். அவருக்குப் பின்னால் கரையில் நின்ற கைகளைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படவில்லை. அக்கதையையே இங்கு கூற விழைகிறோம்.

வானத்திற் தொடங்கிய வாழ்வு

சிச்செஸ்டர் 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆந் திகதி இங்கிலாந்தின் டெவன் மாகாணத்தில் ஒரு பாதிரியாரின் மைந்தராய்ப் பிறந்தார். பதினெட்டு வயதிலே, பத்துப் பவுண் பணத்துடன் நியூசிலாந்துக்குக் கப்பலேறினார். அங்கே பல தொழில்கள் பார்த்துப் பொருளீட்டினார். பின்பு விமானமோட்டக் கற்று, “ஜிப்சி மொத்” என்னும் வகையைச் சேர்ந்த சின்னஞ்சிறு விமானத்தில் 1929ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, மறு ஆண்டுத் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவைத் தனியாக அடைந்தார்.

1931ஆம் ஆண்டு நியூசிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையிலுள்ள தாஸ்மன் கடலை அவ்விமானத்திலேயே தாண்ட முற்பட்டார். ஒரே மூச்சிற் கடக்க எரிபொருள் போதாது. ஆகவே விமானத்துக்கு மிதவைகள் பூட்டி, நடுவழியிலுள்ள சிறு தீவுகளில் இறங்கி இறங்கிச் செல்லத் திட்டமிட்டார். பரந்த கடலிடையே கடுகளவான அத்தீவுகளைக் கண்டுபிடிக்கச் சூரியனின் உயரத்தை அளக்கும் கோணமானியொன்றே அவருக்குத் துணை.

லோர்ட் ஹவ் என்னும் தீவில் இறங்கியிருந்தபோது, இரவில் வீசிய சுழல்காற்று விமானத்தைக் கவிழ்த்துக் கடலில் அமிழ்த்திவிட்டது. சிறகுகள் நொறுங்கின. பயணம் அத்துடன் முடிந்ததென்றே எவரும் எண்ணுவர். ஆனால் அச்சிறு தீவின் மக்கள் அவருடன் சேர்ந்து அதனைத் துண்டு துண்டாகப் பிரித்து, மீண்டும் பொருத்தி, பறக்கும்படி செய்துகொடுத்தனர். வாரக்கணக்கில் நடந்த வேலை அது. விமானத் தொழிற்சாலையைக் கண்ணாற் கண்டிராத மக்களின் கைவேலையை நம்பி அவர் மீண்டும் கடலின்மேற் பறந்து அவுஸ்திரேலியக் கரையை அடைந்தார். தனியாகச் செல்பவனுக்கும் அயலார் வேண்டும் என்பதை அவர் இளமையிலேயே அறிந்திருந்தார் எனலாம்.

அதே ஆண்டு யப்பானிலே அவருடைய விமானம் கம்பிகளில் மோதி வீழ்ந்தது. பலத்த காயங்களுடன் உயிர் தப்பினார். 1937ஆம் ஆண்டு ஷீலா என்னும் பெண்மணியை மணந்தார். உலகப் போர் முடிந்தபின் லண்டனிலே தேசப்படங்கள் அச்சிட்டு விற்கும் சிறு வியாபாரத்தை நடத்திவந்தார். பாய்ப்படகோட்டத் தொடங்கியது ஐம்பது வயதைக் கடந்த பின்னரே, 1953ஆம் ஆண்டில். தன் படகுகளுக்கெல்லாம் பழைய விமானத்தின் பெயரையே சூட்டினார்.

1958ஆம் ஆண்டு நுரையீரலிற் புற்றுநோய் கண்டிருப்பதாக வைத்தியர்கள் கூறி, சத்திரசிகிச்சை செய்யவேண்டுமென்றனர். அவருடைய உடல் அதனைத் தாங்காதென்று எண்ணிய ஷீலா அதற்கு இணங்கவில்லை. தன் பராமரிப்பிலும் மரக்கறி உணவிலும் அவரை வைத்துக் காத்தார். அந்நோய் உண்மையிற் புற்றுநோய்தானா என்பது பின்னர் ஐயத்துக்கிடமாயிற்று. எப்படியோ, அவர் பிழைத்தெழுந்தார். உடல் முற்றாகத் தேறுமுன்னரே அவருடைய மனம் கடலை நாடிற்று.

ஒரு கழகம் துணிந்தது

படகுக் கழகம் என்றதும் செல்வர்கள் மாலைவேளையில் நாற்காலியிட்டமர்ந்து பானமருந்திப் பொழுதுபோக்கும் இடமென்றே நம்மிற் பலர் எண்ணுவர். அதுவும் அங்கே நடப்பதுண்டு. ஆனால் அதற்கப்பாலும் அதற்கொரு தொழில் உண்டு. படகைக் கரையேற்றும் சரிவுத்தளம், பழுதுபார்க்கும் பட்டறை, பாய் தைப்பவர், கயிறு முறுக்குபவர், கடலின் போக்கறிந்த முதியவர் ஆகிய அனைத்தும் ஒரே இடத்தில் ஒன்றுகூடும் இடம் அது. புறப்பட்ட படகு இன்ன நேரத்திற் கோட்டைக் கடந்தது, இன்ன நேரத்தில் மீண்டது என்று மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்துவைப்பதும், வரவேண்டிய படகு வராதிருக்கும்போது கடலைப் பார்த்துக்கொண்டு விழித்திருப்பதும் அதன் கடமைகளே.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள பிளிமத் துறைமுகத்திலே 1827ஆம் ஆண்டிற் தோன்றிய பழம்பெருங் கழகமொன்று உண்டு. அதன் பெயர் றோயல் வெஸ்டர்ன் படகுக் கழகம். அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனித்தனி ஆளாகக் கடக்கும் போட்டியொன்றை நடத்தவேண்டுமென்ற எண்ணம் முதலிற் கேணல் ஹாஸ்லர் என்பவருக்கு உதித்தது. அவர் சாமானியரல்லர். 1942ஆம் ஆண்டு, உலகப் போரின்போது, சிறு கைத்தோணிகளில் வீரர்களை அழைத்துக்கொண்டு பகைவரின் துறைமுகத்துட் புகுந்து கப்பல்களுக்கு வெடிவைத்தவர். அவருடைய அழைப்பைக் கண்டு முன்வந்தவர்களில் ஒருவர் சிச்செஸ்டர். வேறொருவரும் நடத்த முன்வராவிடினும், அரைக் கிரவுண் பந்தயம் கட்டி நாமிருவரும் ஓடுவோம் என்று அவர் ஹாஸ்லரிடம் கூறினாராம்.

இத்தகைய போட்டியை ஏற்று நடத்துவது எளிதன்று. ஓடுபவர்களில் ஒருவர் மாண்டாலும் பழி நடத்தியவர்மீதே வந்து விழும். அந்தப் பழிக்கு அஞ்சாது றோயல் வெஸ்டர்ன் கழகம் 1960ஆம் ஆண்டு அப்போட்டியைத் தொடக்கிவைத்தது. ஐவர் கலந்துகொண்டனர். மூவாயிரம் மைலுக்கு மேற்பட்ட கடலை நாற்பது நாட்களிற் கடந்து முதலாவதாக நியூயோர்க்கை அடைந்தவர், ஈராண்டுகளுக்கு முன் நோய்ப்படுக்கையிற் கிடந்த சிச்செஸ்டரே. 1964ஆம் ஆண்டின் இரண்டாவது போட்டியில் பிரெஞ்சுக் கடற்படையைச் சேர்ந்த இளைஞர் எரிக் தபார்லி வென்றார். சிச்செஸ்டர் முப்பது நாட்களுக்குட் கடந்து இரண்டாமிடம் பெற்றார்.

அடங்காத படகு

அதன்பின் அவருடைய உள்ளத்தைப் பற்றிக்கொண்டது உலகப் பயணம். முன்னொரு காலத்தில் அவுஸ்திரேலியாவிலிருந்து ஆட்டுரோமம் ஏற்றிவந்த விரைவுப் பாய்க்கப்பல்கள், நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்று, தென் அமெரிக்காவின் நுனியிலுள்ள ஹோர்ன் முனையைச் சுற்றி மீண்டன. ஒரு வழிக்கு ஏறத்தாழ நூறு நாட்கள் அவற்றுக்குச் சென்றன. முப்பது நாற்பது மாலுமிகள் நடத்திய அக்கப்பல்களின் வேகத்தைத் தனியொருவராக எட்டிப்பிடிப்பதே அவருடைய நோக்கம்.

இதற்கென அவருடைய உறவினர் டல்வேர்ட்டன் பிரபு பொருளுதவி செய்ய, “ஜிப்சி மொத் 4” என்னும் 53 அடி நீளப் படகு கட்டப்பட்டு 1966ஆம் ஆண்டு மார்ச் மாதம் நீரில் இறக்கப்பட்டது. இறக்கிய அன்றே, துறைமுகத்தின் சிற்றலைகளுக்குக்கூட அது தொட்டில்போல் ஆடிற்று. கடலுக்குக் கொண்டுசென்று பார்த்தபோது சிறு காற்றுக்கும் ஒருபக்கம் சாய்ந்தது. அடிப்பாரம் சேர்த்துச் சிறிது திருத்தினர். எனினும் குறை முற்றாகத் தீரவில்லை. இதனை நடத்துவதற்கு வழிகணிக்க ஒரு மனிதனும், சுக்கானைத் தள்ள ஒரு யானையும், உள்ளே நடமாட நீண்ட கைகளையுடைய ஒரு குரங்கும் வேண்டுமென்று அவர் பின்னர் வேடிக்கையாகக் குறைகூறினார்.

1966ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 27ஆந் திகதி முற்பகல் 11 மணிக்கு, பிளிமத் கழகத்தினர் வெடி தீர்த்து வழியனுப்ப, அவர் கோட்டைக் கடந்து கடலை நோக்கிச் சென்றார். அப்பொழுது அவருக்கு வயது அறுபத்து நான்கு. மூன்று வாரங்கழித்து, நடுக்கடலிலே, தம்முடைய பச்சை வெல்வெட் மேலங்கியை அணிந்து, தாமே தமக்கு வாழ்த்துக்கூறி அறுபத்தைந்தாவது பிறந்தநாளைக் கொண்டாடினார். பச்சிலை உண்ணவேண்டுமென்பதற்காகக் கடுகு முதலிய விதைகளைப் படகினுள்ளேயே முளைக்கவைத்து உண்டார். வானொலிக் கருவியிற் பேசித் தம் செய்திகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்.

தனியொருவர் உறங்கும்போது படகைச் செலுத்துவது யார் என்று வாசகர்கள் கேட்கலாம். அதற்கென ஒரு கருவி உண்டு. மேலே கூறிய ஹாஸ்லரே அதனைச் சீர்படுத்தி அமைத்தவர். படகின் பின்புறத்திலே காற்றின் திசைக்கேற்பத் திரும்பும் பலகையொன்று இருக்கும். படகு வழிவிலகினால் காற்று அப்பலகையின் ஒருபக்கத்தில் அடித்து அதனைத் திருப்பும். பலகை திரும்பியதும், நீருள் நிற்கும் துடுப்பு ஒன்றும் சிறிது திரும்பும். ஓடும் நீரின் வலிமை அத்துடுப்பைப் பக்கவாட்டில் தள்ள, அதிற் கட்டிய கயிறுகள் சுக்கானை இழுத்துப் படகை நேர்வழிக்குக் கொண்டுவரும். உணவுங் கேளாது உறக்கமுங் கேளாது உழைக்கும் மாலுமி அது.

அந்த மாலுமிதான் நவம்பர் மாதத்திற் கைவிட்டது. சிட்னிக்கு இன்னும் இரண்டாயிரம் மைலுக்கு மேல் இருக்கையில், அலைகளின் தாக்குதலால் அக்கருவி முறிந்துபோயிற்று. அருகிலுள்ள பிரிமான்டில் துறைமுகத்துக்குத் திரும்ப முதலில் எண்ணினார். பின்பு, சிறு பாயொன்றைக் கயிறுகளாற் சுக்கானுடன் பிணைத்து, காற்றைக் கொண்டே படகைத் தானாக ஓடச்செய்யும் உபாயத்தைக் கண்டுபிடித்து, சிட்னியை நோக்கியே சென்றார். டிசம்பர் 12ஆந் திகதி சிட்னியை அடைந்தார். புறப்பட்டு 107 நாட்கள். நூறு நாட் கனவு ஏழு நாட்களாற் தவறியது.

தடுப்பதா, திருத்துவதா?

சிட்னியிலே கரையிறங்கிய மனிதரைக் கண்டவர்கள் திகைத்தனர். மெலிந்த உடல், தள்ளாடும் கால்கள். இனி வரவிருப்பதோ, மாலுமிகள் பெயர் சொல்லவே அஞ்சும் ஹோர்ன் முனை. “போதும், நிறுத்திக்கொள்ளும்” என்று பலரும் வேண்டினர். கடலறிந்தவர்களும் எச்சரித்தனர். பத்திரிகைகளிலே வாதப்பிரதிவாதங்கள் எழுந்தன. ஒரு முதியவரை மரணத்துக்கு அனுப்புவதா என்பதே கேள்வி.

அந்நகரிலே 1862ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற றோயல் சிட்னிக் கழகத்தின் துறையிலே ஜிப்சி மொத் தங்கியிருந்தது. அங்கே அவருக்கு உதவிக்கு வந்தவர்கள் இருவர்: அலன் பெய்ன், வோரிக் ஹூட். இருவரும் அவுஸ்திரேலியாவின் தலைசிறந்த படகு வடிவமைப்பாளர்கள். அமெரிக்காக் கிண்ணப் போட்டிக்காக அக்கழகத்தின் சார்பில் 1962ஆம் ஆண்டு ஓடிய “கிரெற்றல்” என்னும் படகு பெய்ன் வடிவமைத்தது. 1967ஆம் ஆண்டு ஓட இருந்த “டேம் பற்றி” ஹூட் வடிவமைத்தது. தம் நாட்டின் மானம் தங்கியிருந்த அப்போட்டி நெருங்கிவந்த வேளையிலும், எங்கிருந்தோ வந்த ஒரு முதியவரின் ஆடும் படகுக்காக அவர்கள் நேரம் ஒதுக்கினர்.

அவர்கள் கண்ட குறை எது? படகின் அடியிலே, நீளவாக்கில் ஓடும் ஏராக்கட்டை என்னும் உறுப்பு உண்டு. படகு பக்கவாட்டில் வழுக்காமலும், அலை தள்ளும்போது சட்டென்று திரும்பிவிடாமலும் காப்பது அதுவே. ஜிப்சி மொத்தின் ஏராக்கட்டை வேண்டிய அளவு நீண்டதாக இருக்கவில்லை. ஆகையாற்றான் அது அடங்காத குதிரைபோல் முகந் திருப்பியது. உருக்குத் தகடு பொருத்தி அக்கட்டையின் வடிவத்தை நீட்டினர். முறிந்த சுக்கான் கருவியைச் செப்பஞ்செய்தனர். பொருட்களை அடுக்கும் முறையையும் பாய்களின் அமைப்பையும் திருத்தினர். படகின் ஆட்டம் முழுதும் ஒழிந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை. ஆனால் முன்னைவிட நேராக ஓடும் படகாக அது மாறிற்று.

இந்த நாற்பத்தெட்டு நாட்களே இக்கதையின் இதயம் எனலாம். கழகத்துப் பட்டறையில் வேலைசெய்தவர்களுக்கும் அச்சமிருந்திருக்கும். தாம் முடுக்கிய ஒவ்வோர் ஆணியும் அம்முதியவரை ஹோர்ன் முனைக்கு ஒரு படி அருகே கொண்டுசெல்கிறதென்பதை அவர்கள் அறியாதவர்களல்லர். வேலையைத் தாமதப்படுத்தியோ, “படகு தகுதியற்றது” என்று ஒரு சொற் சொல்லியோ அவரை நிறுத்தியிருக்கலாம். அவ்வாறு அவர்கள் செய்யவில்லை. போவதா இருப்பதா என்ற முடிவு அவருடையது. படகு தாங்குமா என்ற பொறுப்பு தம்முடையது என்று பிரித்துக்கொண்டனர்.

ஷீலாவும் அப்பொழுது சிட்னிக்கு வந்திருந்தார். நோயிலிருந்து அவரைப் பாதுகாத்த பெண்மணி. போகவேண்டாமென்று சொல்ல அவரைவிட உரிமையுடையவர் எவருமில்லை. அவரும் தடுக்கவில்லை. படகினுள்ளே உணவுப் பொருட்களை ஒழுங்குபடுத்தி வைப்பதிற் கருத்தூன்றினார்.

நள்ளிரவில் வந்த சோதனை

1967ஆம் ஆண்டு ஜனவரி 29ஆந் திகதி சிச்செஸ்டர் சிட்னியை விட்டுப் புறப்பட்டார். தாஸ்மன் கடலிற் சூறாவளி உருவாகியிருப்பதாக எச்சரிக்கை இருந்தது. மறுநாள் இரவு, அவர் படுக்கையிற் கிடக்கையில், பேரலையொன்று படகைப் புரட்டிற்று. பாய்மரத்தின் நுனி நீர்மட்டத்துக்குக் கீழே போகுமளவுக்குப் படகு கவிழ்ந்தது. உணவுப் பெட்டிகளும் போத்தல்களும் கருவிகளும் இருளில் அவர்மேற் பறந்து வீழ்ந்தன. சில கணங்களில் படகு தானாகவே நிமிர்ந்தது. உள்ளே நீர் தேங்கி, சாமான்களெல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. தளத்திலே கட்டியிருந்த பாயொன்றும் நீண்ட கயிறொன்றும் கடலோடு போயின.

சிட்னி பின்னால் அருகிலேதான் இருந்தது. திரும்பியிருந்தால் எவரும் பழித்திருக்கமாட்டார். வானொலியிற் தொடர்பு கிடைத்தபோது தமக்கு உதவி தேவையில்லையென்று அறிவித்துவிட்டு, உள்ளே கலந்து கிடந்தவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிக்கொண்டு மேற்சென்றார்.

கரையிலிருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். தாம் திருத்திக் கொடுத்த படகு இரண்டாம் இரவிலேயே கவிழ்ந்தது என்ற செய்தி அவர்களை எட்டியது. திருத்தியதால் ஆபத்து ஒழிந்துவிடவில்லை. கடலின்முன் எந்தக் கைத்தொழிலும் முழு உத்தரவாதமாகாது. அன்று அவர் மாண்டிருந்தால், “ஏன் போகவிட்டீர்கள்?” என்று உலகம் அவர்களைக் கேட்டிருக்கும். உதவி செய்வதென்றால் அக்கேள்விக்கும் தயாராக இருத்தல் வேண்டும்.

மார்ச் மாதம் அவர் ஹோர்ன் முனையைச் சுற்றினார். அவ்விடத்தில் பிரித்தானியக் கடற்படைக் கப்பல் ஒன்று தூரத்தே நின்று கவனித்தது. பத்திரிகையாளரை ஏற்றிய விமானம் ஒன்றும் தலைக்குமேற் பறந்தது. தம் தனிமையைக் குலைக்கிறார்களே என்று அவர் சினந்தார் என்பர். முதியவரின் சினத்தையும் நாம் அறிவோம். அன்பு அளவுக்கு மிஞ்சி அருகே வந்து நின்றால் அவர்களுக்கு அது பிடிப்பதில்லை.

கோட்டிலே காத்திருந்தவர்கள்

1967ஆம் ஆண்டு மே மாதம் 28ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. பிளிமத் கரையிலே ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள் திரண்டிருந்தனர். கடலிலோ எண்ணற்ற சிறு படகுகள். இரவு ஒன்பது மணிக்குச் சற்றுமுன் ஜிப்சி மொத் கோட்டைக் கடந்தது. ஒன்பது மாதங்களுக்கு முன் வழியனுப்பிய அதே கழகத்தின் வெடி முழங்கிற்று. சிட்னியிலிருந்து 119 நாட்கள். போக வரக் கடலிற் கழித்தவை மொத்தம் 226 நாட்கள். ஓடிய தூரம் 29,630 மைல். இடையில் ஒரே ஒரு துறைமுகத்தில் மட்டும் தங்கி, இவ்வளவு விரைவாகத் தனியொருவர் உலகைச் சுற்றியது அதுவே முதல் தடவை.

வந்த சில நாட்களிலேயே அவர் நோய்வாய்ப்பட்டு வைத்தியசாலையிற் கிடந்தார். குணமடைந்த பின், ஜூலை 7ஆந் திகதி கிரீனிச் நகரிலே இரண்டாம் எலிசபெத் மகாராணியார் அவரைச் “சேர்” பட்டத்தாற் சிறப்பித்தார். உலகைச் சுற்றிவந்த கடலோடி டிரேக்குக்கு 1581ஆம் ஆண்டு முதலாம் எலிசபெத் மகாராணியார் பட்டமளித்தபோது பயன்பட்ட வாளே அன்றும் பயன்பட்டது. டிரேக்கும் பிளிமத் துறையிலிருந்து புறப்பட்டவரே.

சிச்செஸ்டர் அதன்பின்னும் ஓய்ந்திருக்கவில்லை. 1972ஆம் ஆண்டு, எழுபது வயதில், நோயுடனேயே றோயல் வெஸ்டர்ன் கழகத்தின் அத்திலாந்திக் போட்டியிற் புறப்பட்டார். உடல் இடங்கொடாமையாற் திரும்பினார். அவ்வாண்டு ஓகஸ்ட் 26ஆந் திகதி பிளிமத் நகரிலேயே அவருடைய உயிர் பிரிந்தது.

பின்வந்த முதியவர்கள்

அவர் காட்டிய வழியிற் பின்வந்தோர் பலர். போர்ட்ஸ்மத் நகரையடுத்த சவுத்சீயிலே பழமும் மரக்கறியும் விற்றுவந்த அலெக் றோஸ், 1948ஆம் ஆண்டு கல்கத்தாவிற் கட்டப்பட்ட “லைவ்லி லேடி” என்னும் சிறு பாய்ப்படகில், 1967ஆம் ஆண்டு ஜூலை 16ஆந் திகதி புறப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டே புறப்பட எண்ணியிருந்தார். துறையிற் கட்டியிருந்த படகு சாய்ந்து வீழ்ந்து பழுதானதாற் தடைப்பட்டார். மெல்பேணிலும் நியூசிலாந்தின் பிளவ் துறையிலும் தங்கி, 1968ஆம் ஆண்டு ஜூலை 4ஆந் திகதி வீடு திரும்பினார். அறுபது வயது நிறைய அப்பொழுது அவருக்கு ஒன்பது நாட்களே இருந்தன.

நம் காலத்திலும் இவ்வரிசை தொடர்ந்துள்ளது. கணித ஆசிரியையாயிருந்து ஓய்வுபெற்ற ஜீன் சோக்ரடீஸ் என்னும் பெண்மணி, 2017ஆம் ஆண்டு ஏணியிலிருந்து வீழ்ந்து கழுத்தெலும்பும் விலாவெலும்புகளும் முறிந்தவர். தேறியெழுந்து 2018ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆந் திகதி கனடாவின் விக்டோரியா நகரிலிருந்து புறப்பட்டு, எங்குந் தங்காமல், எவருடைய உதவியும் பெறாமல் உலகைச் சுற்றி, 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆந் திகதி தமது எழுபத்தேழாவது வயதில் அந்நகரையே மீண்டும் அடைந்தார். அவுஸ்திரேலியாவில் மீன்பிடித் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற பில் ஹாட்பீல்ட், முன்னைய முயற்சிகள் இடைவழியில் முறிந்தும் மனந் தளராது, காற்றுக்கெதிரான மேற்குத் திசையிலே உலகைச் சுற்றி, 2020ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், எண்பத்தோராவது வயதில், கோல்ட் கோஸ்ட் நகரின் சவுத்போர்ட் படகுக் கழகத்தை வந்தடைந்தார்.

எவருடைய உதவியுமின்றி என்று பதிவேடுகள் சொல்லும். கடலில் அது உண்மை. இன்று செய்மதிகளின் துணையாற் படகு எங்கே நிற்கிறதென்பதை வீட்டிலிருந்தே அறியலாம். ஆயினும் புறப்படுமுன் கயிற்றைத் தடவிப்பார்க்கும் கை, பாயின் தையலைச் சோதிக்கும் கண், வரும்நாளில் துறையிலே வந்து நிற்கும் கால்கள் ஆகியவற்றை எந்தச் செய்மதியும் தரமாட்டாது.

ஜிப்சி மொத்துக்கு நேர்ந்ததையுஞ் சொல்லவேண்டும். கிரீனிச்சிலே காட்சிப்பொருளாகப் பல்லாண்டு நின்று உளுத்துப்போயிற்று. பின்பு ஒரு படகுப் பயிற்சி நிறுவனம் அதனை ஒரு பவுணுக்கும் ஒரு கோப்பை பானத்துக்கும் விலைக்கு வாங்கிற்று. பலர் கைகோத்துச் செப்பனிட்டனர். 2005ஆம் ஆண்டு மீண்டும் உலகைச் சுற்றப் புறப்பட்ட அது, பசிபிக் சமுத்திரத்தில் பவளப்பாறையில் மோதி உடைந்தது. அங்கிருந்து மீட்டெடுத்து மறுபடியும் திருத்தினர். 2007ஆம் ஆண்டு மே 28ஆந் திகதி, சிச்செஸ்டர் வந்துசேர்ந்த அதே நாளில், சரியாக நாற்பது ஆண்டுகளின் பின், அது பிளிமத் துறையை அடைந்தது.

வீட்டுக்கு ஒரு பாடம்

நம்முடைய பெரியவர்கள் உலகைச் சுற்றக் கேட்பதில்லை. ஒருவர் கதிர்காமத்துக்கு நடந்து செல்ல விரும்புவார். இன்னொருவர் கைவிட்ட தோட்டத்தை மீண்டும் கொத்த விரும்புவார். பாட்டியொருத்தி எழுபது வயதிற் தையற்பொறி கேட்பாள். “இந்த வயதில் ஏன்?” என்பதே நம் வாயில் முதலில் வருஞ் சொல். சில வேளைகளில் அச்சொல் அவசியமானது. வைத்தியர் வேண்டாமென்றால் வேண்டாந்தான். ஆனால் பல வேளைகளில் நாம் காக்க முற்படுவது அவர்களுடைய உயிரையா, நம்முடைய மன அமைதியையா என்று எண்ணிப்பார்ப்பது நலம்.

சிட்னிப் பட்டறையிலே குனிந்து வேலைசெய்தவர்கள் செய்தது சிறிய காரியம். “நீர் போகத்தான் போகிறீரென்றால், படகின் அடியைச் சற்றுப் பார்க்கவிடும்” என்பதே அவர்களுடைய செயலின் பொருள். நடைப்பயணம் போகும் தந்தைக்கு நல்ல பாதரட்சை வாங்கிக்கொடுப்பதும், கொத்தப்போகும் மாமாவின் மண்வெட்டிக்குப் புதுப்பிடி போட்டுக்கொடுப்பதும், பாட்டியின் கண்ணாடியை மாற்றிக்கொடுப்பதும் அவ்வகையைச் சேர்ந்தவையே. அவ்வளவையும் செய்தபின், அவர்கள் திரும்பிவரும் நேரத்திற் படலையைத் திறந்துவைத்துக்கொண்டு வாசலில் நிற்கவேண்டும். அவர்களுக்கும் அது மகிழ்ச்சி. நமக்கும் அது மகிழ்ச்சி.